மாதா வண்டியில் ஒரு 'டங்க்'

மரியதாஸ் அண்ணன் கண்களை மூடிக்கொண்டார்.

என் பிக்கப் வண்டியின் முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு கையை டாஷ்போர்டின் மேல் வைத்தார். "ம், எடும்மா," என்றார்.

எடுத்தேன். எங்கள் கோவில் காம்பவுண்டுக்குள், கொடிமரத்தைச் சுற்றி, மெதுவாக. வண்டி நகர்ந்தபோது அடியில் எங்கேயோ 'டங்க்' என்றது. பங்குத் தந்தை வீட்டுப் பக்கம் பிரேக்கை மிதித்தபோது இன்னொரு 'டங்க்'. காலி வண்டி என்பதால் அன்றைக்குச் சத்தம் கொஞ்சம் அடக்கமாகத்தான் வந்தது. பெரிய மனிதர் ஏறியிருக்கிறார் என்று அதற்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் ஸ்டெல்லா. வண்டியில ஒண்ணும் இல்ல. கோளாறு உன் கால்ல இருக்கு."

"கால்லயா?"

"ஆமாம்மா. ஆஃப் கிளட்ச். சும்மா சும்மா மிதிச்சுக்கிட்டே ஓட்டுற. லேடீஸ் எல்லாருமே அப்படித்தான். பாவம், கியர் பாக்ஸ் அடி வாங்குது."

சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கியவர் நேரே வீட்டுக்குப் போயிருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன். அவர் போனது வாசலில் நின்றிருந்த விழாக் குழுவினரிடம். அங்கே நின்று, இடது காலைத் தூக்கி, நான் எப்படி மிதிக்கிறேன் என்று நடித்தே காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

வண்டி வந்த கதை

சமையல்கூடம் நடத்துகிறவளுக்கும் தேர் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று, இந்தத் தொடரைப் புதிதாகப் பிரிக்கிறவர்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன்.

காக்ஸ் டவுனில் நானும் என் கூட்டாளி ருக்ஸானாவும் சேர்ந்து ஒரு சமையல்கூடம் நடத்துகிறோம். மத்தியானச் சாப்பாடு பொம்மசந்திராவில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். ரசத்தில் மிளகு குறைந்தால் போன் போட்டே சண்டைக்கு வருவார்கள். ஆரம்பத்தில் டிரைவர் வைத்திருந்தோம். ஒருவர் குடித்தார், ஒருவர் தூங்கினார், ஒருவர் சொல்லாமல் ஊருக்குப் போனார். கடைசியில் நானே லைசென்ஸ் எடுத்தேன்.

எங்கள் கோவில் திருவிழாவில் மாதா சுரூபத்தை வாடகை லாரியில்தான் எடுத்துப் போவார்கள். ஒரு வருஷம் லாரி வரவில்லை. தேர்பவனிக்கு நேரமாகிறது, மாலை எல்லாம் வாடுகிறது, லாரிக்காரர் போனை எடுக்கவில்லை. "உன் பிக்கப்பைக் குடேன் ஸ்டெல்லா" என்று மரியதாஸ் அண்ணன்தான் வந்து கேட்டார்.

"தாராளமா. ஆனா நான்தான் ஓட்டுவேன்," என்றேன்.

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். பிறகு அதுவே பழக்கமானது.

மரியதாஸ் அண்ணன் விழாக் குழுவின் தலைவர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் பகுதியில் மிக்சி நின்றாலும் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது கல்லறைத் தோட்டத்து வேலை எல்லாவற்றையும் அவர்தான் கூடவே நின்று முடித்துக்கொடுத்தார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

பின் சந்து

தேர் வண்டியை நான் ஓட்டினால் என்ன, இன்னொருவர் ஓட்டினால் என்ன? மாதா ஊர்வலம் போகிறாள், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு.

எங்கள் பகுதியில் பெரிய தெருக்கள் இருக்கின்றன. மரமும் கேட்டும் போகன்வில்லாவும் வைத்த பழைய வீடுகள். அந்தத் தெருக்கள் வழியாகத்தான் தேர் காலங்காலமாகப் போனது. அவற்றின் முதுகுப்புறத்தில் ரயில்பாதையை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. பின் சந்து என்போம். நகரத்தைக் கூட்டுகிறவர்களும் அந்தப் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்களும் இருக்கும் சந்து. நான் பிறந்தது அங்கேதான்.

அந்தச் சந்து முட்டுச் சந்து. உள்ளே போன வண்டி பின்னாலேயே வர வேண்டும். "லாரி திரும்பாது" என்று எல்லா வருஷமும் காரணம் சொல்வார்கள். சந்துக்காரர்கள் மெழுகுவர்த்தியோடு முனைக்கு வந்து நின்று, மாதா திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

என் அக்கா ஃபிலோமினா அங்கேதான் இருக்கிறாள். பக்கவாதம் வந்த பிறகு முனைவரைகூட அவளால் வர முடியாது. நான் ஓட்டிய முதல் வருஷம், யாரிடமும் கேட்காமல் வண்டியைச் சந்துக்குள் விட்டேன். இரண்டு பக்கமும் சுவருக்கு ஒரு ஆள் ஒதுங்கி நடக்கும் அளவுதான் இடைவெளி. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். நாற்காலியில் இருந்தவள் மாதாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அழுதாள். திரும்ப ரிவர்ஸிலேயே வெளியே வந்தேன். தினமும் தொழிற்சாலைச் சந்துகளில் ரிவர்ஸ் எடுக்கிறவளுக்கு அது பெரிய வித்தையில்லை.

ஆக, ஸ்டியரிங் என் கையில் இருந்தால்தான் மாதா பின் சந்துக்குள் வருவாள். இதுதான் விஷயம். இது எனக்கும் தெரியும், குழுவுக்கும் தெரியும்.

காலைத் தூக்கி நடித்துக் காட்டிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசித்தார்கள். தமிழில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை.

"பாதுகாப்பைக் கருதி, இந்த ஆண்டு தேர் வண்டியைச் சகோதரர் டொமினிக் ஓட்டுவார். பவனி பெரிய தெருக்கள் வழியாக மட்டும் செல்லும்."

டொமினிக் மரியதாஸ் அண்ணனின் தங்கை மகன். கம்பெனி கார் ஓட்டுகிறவன். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. என் வண்டி, என் டீசல், என் இன்சூரன்ஸ். அதைப் பாதுகாப்பாக ஓட்ட எனக்குத் தகுதியில்லையாம். முன் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். கோவில் என்றுகூடப் பார்க்காமல் நான் அவர்களை முறைத்தேன்.

சார் வரலையா?

அந்தச் சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. போன திருவிழா முடிந்து, மழைக்குப் பிறகு என்று நினைவு. முதலில் அண்டாக்கள் மோதுகின்றன என்று நினைத்தேன். நடுவில் கோணிச் சாக்கு திணித்தேன். சத்தம் போகவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் நன்றாகவே கேட்டது. நகரும்போது ஒன்று, நிறுத்தும்போது ஒன்று. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நகர்வதும் நிறுத்துவதும்தானே வேலை! பொம்மசந்திரா போய்ச் சேர்வதற்குள் தலைக்குள்ளேயே அடிப்பதுபோல இருக்கும். சாம்பார் தளும்பி மூடியை மீறி வழிந்து, வண்டி முழுக்கப் பெருங்காய வாசனை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எங்கள் பால்காரர் சைலன்சர் என்றார். தொழிற்சாலை வாட்ச்மேன் "இன்ஜின் மவுண்டிங் மேடம், சந்தேகமே இல்ல" என்றார். ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் சிக்னலில் என்னை நிறுத்தி, ஃபைன் போடப் போகிறார் என்று பார்த்தால், பிரேக்கைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். ஒருவருக்காவது வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எந்த சென்டர் என்று எழுதப்போவதில்லை, எல்லாம் ஒன்றுதான். கையில் டேப்லெட் வைத்திருந்த ஒருவர் என்னைத் தாண்டிப் பின்னால் தேடினார்.

"சார் வரலையா மேடம்?"

"எந்த சார்?"

"வண்டி ஓட்றவரு."

"நான்தான் ஓட்டுறேன்."

"ஓ... சரி சரி. ஏனு பிராப்ளம் மேடம்?" என்று பாதி கன்னடத்தில் கேட்டார்.

சொன்னேன். அவர் காலி வண்டியை எடுத்துக்கொண்டு, அவர்கள் வாசலில் பளிங்குபோல இருக்கும் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எதுவும் கேட்கவில்லை என்றார். அண்டாக்களோடு வந்தால்தான் கேட்கும் என்றேன். "நம்ம டெஸ்ட் டிரைவ் அன்லோடட்தான் மேடம், ரூல்" என்றார். பிறகு பிரேக் கட்டையை எல்லாம் மாற்றினார்கள். வெளியே வந்து முதல் ஸ்பீடு பிரேக்கரில் பிரேக் மிதித்தேன். டங்க்.

திரும்பப் போனேன். "அப்போ அது டிரைவிங் ஹாபிட் மேடம்" என்றார். மரியதாஸ் அண்ணனுக்கும் இவருக்கும் முன்பின் பழக்கமில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே பேசினார்கள்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் கேட்டார், "இவங்களுக்குக் கண் நல்லாத் தெரியுமா?" என்று. என் கண்ணைப் பற்றி என் புருஷனிடம் விசாரணை! அவர் பாவம், "எவ்வளவு தூரத்துல இருந்தாலும் என் சட்டைக் கறையைக் கண்டுபிடிச்சிடுவா சார்" என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறினார்.

காலைத் தூக்கி ஒரு சோதனை

அந்த அறிவிப்புக்கு மறுநாள் எனக்கு வந்த கோபத்தில் ஒரு நல்லது நடந்தது. நானே யோசிக்க ஆரம்பித்தேன்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை காம்பவுண்டுக்குள் சின்னச் சரிவு இருக்கிறது. சாப்பாட்டை இறக்குவதற்கு முன், முழுப் பாரத்தோடு வண்டியை மேலே கொண்டுபோனேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இடது காலைத் தூக்கி, சேலையோடு சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டேன். வண்டி தானாக இறங்கியது. வலது காலால் பிரேக்கை மட்டும் மிதித்தேன்.

டங்க்.

வாட்ச்மேன் வாயைப் பிளந்து பார்த்தார். இன்னொரு முறை மேலே ஏற்றி, இன்னொரு முறை செய்தேன். கிளட்ச் பக்கம் கால் போகவே இல்லை, கியரும் இல்லை, சத்தம் மட்டும் வந்தது. என் இடது கால் நிரபராதி. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாட்ச்மேனிடம் சொன்னேன். "அப்போ இன்ஜின் மவுண்டிங்தான் மேடம்" என்றார்.

அதற்குள் வண்டியின் பின்பக்கமிருந்து ருக்ஸானா கத்தினாள். ரசம் இருக்கும் நாட்களில் அவள் பின்னால், கவிழ்த்த பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்து அண்டாவைப் பிடித்துக்கொண்டு வருவாள். சட்டப்படி தப்புதான், போலீஸ்காரர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடவும்.

"அரே ஸ்டெல்லா! என்ன விளையாட்டு இது? என் இடுப்பு போச்சு!"

"ஏன், சத்தம் அங்க கேக்குதா?"

"கேக்குதாவா? இங்கதான் வருது! லெஃப்ட்ல, எனக்கு நேர் கீழே. ஒவ்வொரு வாட்டியும் கீழேருந்து வந்து இடுப்புல குத்துது. இத்தனை மாசமா."

"இத்தனை மாசமா ஏன்டி சொல்லல?"

"யாரு கேட்டாங்க? அந்த சர்வீஸ் ஆளு வந்தான், உங்க மரியதாஸ் அண்ணன் வந்தாரு. எல்லாம் முன்னாடி ஏறி ஏசி போட்டு உக்காந்தாங்க. பின்னாடி யாரு ஏறினா?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அடிக்கவும் தோன்றியது. நானும்தானே அவளைக் கேட்கவில்லை.

வெள்ளிப் பெயின்ட்

அன்றைக்கே சமையல்கூடத்தின் பின்முற்றத்தில் கோணியை விரித்து, இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தேன். போன் வெளிச்சத்தை அடித்தேன்.

அடியெல்லாம் சேறு காய்ந்து ஒரே நிறமாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் நிறம் வேறு. கமான்பட்டைகள் என்று சொல்வோமே, வண்டியின் பாரத்தைத் தாங்கும் அந்த வளைந்த இரும்புப் பட்டைகள், அவை சக்கரத்தின் ஆக்சிலோடு சேரும் இடம். அங்கே இரும்பு தேய்ந்து பளபளவென்று மின்னியது. சுற்றிலும் மிளகாய்த்தூளைத் தூவியதுபோலச் சிவப்புத் துரு. பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டிப் பிடிப்பது யூ போல்ட். அதன் நட்டைத் தொட்டேன். விரலாலேயே சுற்றியது.

புரிந்துவிட்டது. பாரம் ஏற்றிய வண்டி நகரும்போது ஆக்சில் ஒரு பக்கம் தள்ளுகிறது, பிரேக் மிதித்தால் மறுபக்கம் தள்ளுகிறது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய நட்டு தளர்ந்து கிடக்கிறது. இரும்பு இரும்பில் மோதுகிறது. கிளட்சும் இல்லை, கியர் பாக்ஸும் இல்லை, பிரேக் கட்டையும் இல்லை.

எழுந்திருக்கப் போனவள் மறுபடியும் படுத்தேன். யூ போல்டின் மரையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட். வெள்ளிப் பெயின்ட்.

என் வண்டியில் எங்குமே வெள்ளிப் பெயின்ட் கிடையாது. எங்கள் கோவிலில் ஒரு பொருளுக்கு மட்டும் வருஷா வருஷம் வெள்ளிப் பெயின்ட் அடிப்பார்கள். மாதா சுரூபம் நிற்கும் மேடையின் இரும்புச் சட்டம். போன திருவிழாவுக்கு முந்தின வருஷம் ஸ்பீடு பிரேக்கரில் தேர் ஆடி, மாதாவின் கிரீடம் சாய்ந்துவிட்டது. எல்லாரும் குறை சொன்னார்கள். போன வருஷம் "ஆடவே ஆடாது, நான் ஒரு ஐடியா பண்ணியிருக்கேன்" என்று மரியதாஸ் அண்ணன் மார்தட்டியது நினைவுக்கு வந்தது. அன்று நான் திருவிழாச் சாப்பாட்டுக்கு பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தேன். வண்டிச் சாவியை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

அவருடைய ஐடியா இதுதான். சட்டத்தின் பின்கால்களை நீட்டி, யூ போல்டைத் தளர்த்தி, அதற்கடியில் அந்தக் கால்களின் தகட்டைச் செருகி, ஆக்சிலோடு சேர்த்தே முடுக்கியிருக்கிறார்கள். ஆடுவதற்காகவே வைத்திருக்கும் பட்டையை ஆடாமல் கட்டிவிட்டார்கள். திருவிழா முடிந்ததும் சட்டத்தை அவிழ்த்தார்கள். நட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்சமிருந்த பிரியாணியைச் சாப்பிட வந்துவிட்டார்கள்.

எழுந்து உள்ளே போய் ருக்ஸானாவிடம் சொன்னேன். அவள் உருதுவில் சொன்னதை ஒரு குடும்ப வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

மறுநாள் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு சிவாஜிநகர் பக்கம் ஒரு கமான்பட்டைக் கடைக்குப் போனேன். கழற்றிப் பார்த்தால், பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட்டும் பாதி அறுந்திருந்தது. "இது உடைஞ்சிருந்தா ஆக்சில் நகந்துடும்க்கா. இறக்கத்துல வண்டி எங்க போகும்னு சொல்ல முடியாது," என்றார் கடைக்காரர். தினமும் ருக்ஸானா அதன்மேல்தான் உட்கார்ந்து வந்தாள். இந்த லட்சணத்தில் பாதுகாப்பைக் கருதி டிரைவரை மாற்றினார்களாம்!

எல்லாம் புதிதாகப் போட்டு முடுக்கினார்கள். பழைய யூ போல்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

யாரை மன்னிக்க?

விழாக் குழு கூடிய மாலை அழைப்பில்லாமல் உள்ளே போனேன். ஃபாதர் இருந்தார், மரியதாஸ் அண்ணன் இருந்தார். பேப்பரில் சுற்றிய யூ போல்டை மேஜைமேல் வைத்துப் பிரித்தேன்.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன்.

"என் காலுண்ணே. கோளாறு இருக்குனு சொன்னீங்களே, அதான் கழட்டி எடுத்துட்டு வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கையில் எடுத்தார். மரையில் இருந்த வெள்ளிப் பெயின்டை நகத்தால் சுரண்டினார். ஃபோர்மேன் ஆயிற்றே, பார்த்த உடனே புரிந்துவிட்டது. முகம் மாறியது. ஒரு நொடி, மன்னிப்புக் கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவுத்தப்போ யாரு முடுக்கினாங்கனு ஞாபகம் இல்லம்மா," என்றார். "நிறைய கை இருந்திச்சு."

"தளத்துனதுக்கு நிறைய கை. பழிக்கு மட்டும் என் ஒத்தக் காலாண்ணே?"

ஃபாதர் நடுவில் வந்தார். "நடந்தது நடந்துபோச்சு ஸ்டெல்லா. மன்னிச்சு விட்டுடுவோம்."

"மன்னிக்க நான் ரெடி ஃபாதர். யாராவது மன்னிப்புக் கேட்டாத்தானே? அது வேண்டாம். கால்லதான் கோளாறுனு எங்க சொன்னாங்களோ, அங்கயே இல்லனு சொல்லச் சொல்லுங்க. வண்டியை நான் ஓட்டுவேன், பின் சந்துக்குள்ள போவேன்."

நீண்ட நேரம் பேசினார்கள். நான் வண்டி ஓட்டவும் சந்துக்குள் போகவும் ஒத்துக்கொண்டார்கள். அறிவிப்பும் செய்கிறோம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேலையெல்லாம் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். அறிவிப்பு வந்தது.

"இறைவனின் அருளால் தேர் வண்டியின் கோளாறு நீங்கிவிட்டது. எனவே சகோதரி ஸ்டெல்லாவே வண்டியை ஓட்டுவார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நற்கருணை வாங்கிய வாயால் என்ன சொல்லியிருப்பேனோ, பல்லைக் கடித்துக்கொண்டேன். கெட்டுப்போனால் என் கால், சரியானால் இறைவன் அருள். கோணி விரித்துப் படுத்தது யார்? நட்டைத் தளர்த்திய கைக்குத்தான் பெயரே இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, "இனிமேலாவது கிளட்சைப் பாத்து மிதிம்மா" என்றாள்.

அறிவிப்பு

திருவிழாவன்று காலை மேடையைப் பொருத்த வந்தார்கள். பிரியாணியை ருக்ஸானாவிடம் விட்டுவிட்டு, நான் ஒரு ஸ்டூலைப் போட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மடியில் ஸ்பேனர். ஆக்சில் பக்கம் யார் கையும் போகவில்லை. பக்கவாட்டுக் கம்பிகளில் மட்டும் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். மரியதாஸ் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தார்.

சாயங்காலம் பவனி கிளம்பியது. வண்டிக்கு முன்னால் மைக்கோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பது வழக்கம்போல அவர்தான். மைக் ஒயர் என் ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். பெரிய தெருக்களைச் சுற்றினோம். நகர்ந்தேன், நின்றேன், நகர்ந்தேன். வண்டி மூச்சு விடவில்லை. அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பின் சந்து வந்தது. உள்ளே விட்டேன். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, சாம்பிராணிப் புகை, மல்லிகை. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஃபிலோ அக்கா நாற்காலியில் இருந்தாள். போன மாதம் அந்த முதல் அறிவிப்பைக் கேள்விப்பட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள். இப்போது வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தாள்.

"சத்தம்... நின்னுடுச்சாடி?" என்றாள்.

"நின்னுடுச்சுக்கா."

"யாரு... சரி பண்ணா?"

நான் பதில் சொல்வதற்குள் ரிவர்ஸ் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. எனக்குத் தேவையே இல்லை என்றாலும், நான் ரிவர்ஸ் எடுக்கும்போது மரியதாஸ் அண்ணன் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் ஆட்டி "வா, வா, வா" என்று சொல்லியே தீருவார். அதற்காக, வருஷா வருஷம் செய்வதைப்போல, மைக்கை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டுவிட்டுப் பின்னால் போனார்.

மைக் ஆனில் இருந்தது. சந்து அமைதியாக, அடுத்த ஜெபத்துக்குக் காத்திருந்தது.

எடுத்தேன்.

"பிரியமானவர்களே, ஒரு அறிவிப்பு," என்றேன். பெரிய தெருவரை கேட்கும் ஸ்பீக்கரை வண்டிமேல் கட்டியிருந்தார்கள், எல்லாப் பக்கமும் என் குரலே திரும்பி வந்தது. "இந்த வண்டியின் சத்தத்துக்குக் காரணம் என் கால் இல்லை. யூ போல்ட் தளர்ந்திருந்தது. போன திருவிழாவில் தளர்த்தியது விழாக் குழு. மரியதாஸ் அண்ணன் தலைமையில். சத்தம் எங்கே என்று கண்டுபிடித்தது ருக்ஸானா. அடியில் படுத்துப் பார்த்து, முடுக்க வைத்தது நான்."

மைக்கில் எது வந்தாலும் கடைசியில் ஒன்றைச் சொல்லிப் பழகிய கூட்டம் அது. சந்து முழுவதும், அக்காவின் கோணல் வாயும் சேர்ந்து, ஒரே குரலில் சொன்னது.

"ஆமென்."

கண்ணாடியில் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் மரியதாஸ் அண்ணன் இரண்டு கையையும் தூக்கியபடியே நின்றிருந்தார். பிறகு மெதுவாகக் கையை ஆட்டினார். "வாம்மா," என்றார். ரிவர்ஸ் கியரைப் போட்டு, பிரேக்கை விட்டேன். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.